ஏஎன்ஏ பாசிட்டிவ் என்று வந்துவிட்டதா? அந்த ரிப்போர்ட்டை இப்படிப் படியுங்கள்

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். பாசிட்டிவ் என்று எங்கேயாவது தடித்த எழுத்தில் இருக்கிறதா என்று தேடுவார்கள், இருந்தால் அந்த வார்த்தையை அப்படியே போனில் போட்டுப் பார்ப்பார்கள், அப்புறம் தோல் இறுகுகிற ஸ்க்ளீரோடெர்மா, பல உறுப்புகளைத் தாக்குகிற லூபஸ் என்று ஒவ்வொரு பெயராகக் கண்ணில் பட்டு அன்று ராத்திரித் தூக்கம் போச்சு. நான் டாக்டர் இல்லை. லேபில் இருட்டறையில் உட்கார்ந்து இந்த ஸ்லைடுகளைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற ஆள். அதனால் மருந்து பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அந்தத் தாளில் இருக்கும் ஒவ்வொரு வரியும் எப்படி அங்கே வந்து உட்கார்ந்தது, எதை நம்பலாம், எதைக் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

கிருமிகளைப் பிடிக்க உடம்பு தயாரிக்கிற புரதம்தான் ஆன்டிபாடி. சிலருக்கு அது வழிதவறி, சொந்த செல்லின் உட்கருவுக்குள் இருக்கும் பொருட்களையே எதிரி என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட ஆன்டிபாடி ஏதாவது ரத்தத்தில் இருக்கிறதா என்று பொதுவாகத் துழாவிப் பார்ப்பது ஏஎன்ஏ. குறிப்பாக எந்தப் பொருளுக்கு எதிரானது என்று பெயர் கேட்பது ஈஎன்ஏ, எலைசா, லைன் பிளாட் போன்ற அடுத்த கட்டப் பரிசோதனைகள். கதவுக்கு வெளியே யாரோ நிற்கும் சத்தம் கேட்பது மாதிரிதான் ஏஎன்ஏ. வந்திருப்பது தபால்காரரா திருடனா என்று அந்தச் சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது.

ரத்தம் கொடுக்கப் போகும்போது

இந்தப் பரிசோதனைகளுக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. கூடவே சர்க்கரை, கொழுப்பு எல்லாம் எழுதியிருந்தால் அதற்காகத்தான் பட்டினி. ஒரு சின்ன குழாய் ரத்தம் பெரும்பாலும் போதும். குளிரில் விரல் வெளுத்து நீலமாகிற ரேனாட்ஸ் தொந்தரவு உள்ளவர்கள் கையைச் சூடாக வைத்துக்கொண்டு போங்கள். ஜில்லென்ற கையில் நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்திப் பார்ப்பார்கள், தோல் இறுகிய கையில் இன்னும் சிரமம். எந்தக் கையில் சுலபமாகக் கிடைக்கும் என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடலாம், ரத்தம் எடுக்கிறவர் கோபித்துக்கொள்ள மாட்டார், எங்களுக்கு அது உதவிதான்.

சாப்பிடுகிற மருந்தெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள். முடி உதிர்வுக்கு என்று பலர் பெரிய அளவில் சாப்பிடுகிற பயோட்டின் மாத்திரை சில இயந்திரப் பரிசோதனைகளைக் குழப்பிவிடும். ஹைட்ராலசின், ஐசோனியாசிட், மினோசைக்ளின், மூட்டுவாதத்துக்குப் போடும், டிஎன்எஃப் என்ற அழற்சிப் பொருளைத் தடுக்கிற ஊசிகள், இவையெல்லாம் தாங்களே ஏஎன்ஏவைப் பாசிட்டிவ் ஆக்கக்கூடியவை. இம்யூனோகுளோபுலினை நரம்பு வழியாக ஏற்றப் போகிறார்கள் என்றால் அதற்கு முன்னாலேயே ரத்தம் எடுத்துவிட வேண்டும். ஏற்றியபின் எடுத்தால் யார் யாரோ தானம் கொடுத்த ஆன்டிபாடிகள் உங்கள் ரிப்போர்ட்டில் வந்து நிற்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் என்ற பரிசோதனை தப்பாக வரலாம், அதையும் சொல்லிவிடுங்கள்.

ஸ்லைடில் நடப்பது

உங்கள் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரத்தை உப்புக் கரைசலில் கலந்து நீர்க்கச் செய்வோம். ஹெப்-2 என்ற மனித செல்களை வளர்த்து ஒட்டவைத்த கண்ணாடி ஸ்லைடில் அதில் ஒரு சொட்டு வைத்து அரை மணி நேரம் காத்திருப்போம். செல்லுக்குள் பிடிக்கிற ஆன்டிபாடி இருந்தால் போய் ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தைக் கழுவிவிட்டு, மனித ஆன்டிபாடியைத் தேடிப் பிடிக்கிற இன்னொரு ஆன்டிபாடியை, ஒளிரும் சாயம் ஏற்றி, மேலே விடுவோம். மறுபடி கழுவி, மூடி, ஃபுளோரசென்ஸ் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் கறுப்புப் பின்னணியில் செல்கள் பச்சையாக ஜொலிக்கும். ஒன்றும் இல்லாதவர்களுக்கு மங்கிய நிழல் மட்டும் தெரியும். இந்த ஹெப்-2 செல்லுக்கே ஒரு கதை உண்டு. தொண்டைப் புற்றுநோயிலிருந்து வந்த செல் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள், கடைசியில் பார்த்தால் 1951ல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்த ஹீலா செல்கள் கலந்து அந்த இடத்தைப் பிடித்திருந்தன.

ரிப்போர்ட்டில் 1:80, 1:160, 1:320 என்று வருவது டைட்டர். சீரத்தை எத்தனை மடங்கு நீர்க்கச் செய்தும் ஒளி தெரிந்தது என்பதுதான் அந்த எண். 1:640 என்றால் அறுநூற்று நாற்பது மடங்கு நீர்த்த பிறகும் ஒளிர்ந்திருக்கிறது, சமாச்சாரம் கொஞ்சம் அழுத்தமானது. இந்த எண்ணைப் படிக்கும்போது ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1997ல் பல நாட்டு லேப்கள் சேர்ந்து, நோய் எதுவும் இல்லாத ஆட்களின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். 1:40ல் நூற்றுக்குச் சுமார் 32 பேருக்குப் பாசிட்டிவ். 1:80ல் 13 பேர், 1:160ல் 5 பேர், 1:320ல் கூட 3 பேர். அதாவது உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாமல், யாரோ பேக்கேஜில் சேர்த்துவிட்டார்கள் என்பதற்காக எடுத்த டெஸ்டில் 1:80 வந்தால் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில் அர்த்தம் இல்லை. வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் இது இன்னும் சாதாரணம், தைராய்டு கோளாறு, கல்லீரல் நோய், சில தொற்றுகள் இருந்தாலும் வரும்.

இன்னொன்று, ஒரு லேபில் 1:160, இன்னொரு லேபில் 1:320 என்றால் நோய் இரட்டிப்பாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு படி முன்பின் இருப்பது இந்தப் பரிசோதனையின் இயல்பு. ஒரே ஸ்லைடை நானும் பக்கத்து நாற்காலிக்காரரும் பார்த்தாலே சில நாள் அந்த ஒரு படி வித்தியாசம் வரும்.

பேட்டர்ன் வரியைத் தாண்டிப் போகாதீர்கள்

செல்லில் ஒளி எந்த இடத்தில், எந்த வடிவில் தெரிகிறது என்பதுதான் பேட்டர்ன். என்னைக் கேட்டால் டைட்டரைவிட அதுதான் பேசும். எல்லோரும் எண்ணைப் பார்த்துவிட்டு இந்த வரியை விட்டுவிடுகிறார்கள்.

சென்ட்ரோமியர் என்பது குரோமோசோமின் இடுப்பு மாதிரியான பகுதி, அந்தப் பேட்டர்னை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒவ்வொரு உட்கருவிலும் ஊசி நுனியால் குத்தி வைத்த மாதிரி நாற்பதுக்கு மேல் பச்சைப் புள்ளிகள், தனித்தனியாக, ஒரே அளவில். பக்கத்தில் இரண்டாகப் பிரியத் தயாராகிற செல் ஒன்று இருந்தால் அதே புள்ளிகள் நடுவில் ஒரே கோட்டில் வரிசை கட்டி நிற்கும். அதைப் பார்த்துவிட்டால் மேற்கொண்டு சந்தேகமே வராது, ஸ்லைடிலேயே பாதி பதில் கிடைத்த மாதிரி. நியூக்ளியோலார் என்றால் உட்கருவுக்குள் சில உருண்டைகள் மட்டும் பளிச்சென்று தெரியும், டைட்டரும் அழுத்தமாக இருந்தால் ஸ்க்ளீரோடெர்மா பக்கம் ஒரு கண் வைக்க வேண்டிய பேட்டர்ன் அது. ஹோமோஜீனியஸ் என்பது உட்கரு முழுக்க ஒரே சீராக ஒளிர்வது, லூபஸில் அடிக்கடி பார்க்கலாம். ஸ்பெக்கிள்டு என்பது பொடிப்பொடியாகத் தூவியது மாதிரி, அதற்குள் பல ரகம் அடங்கும், அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. டென்ஸ் ஃபைன் ஸ்பெக்கிள்டு என்று எழுதி, டிஎஃப்எஸ்70 ஆன்டிபாடி மட்டும் இருக்கிறது, வேறு எதுவும் இல்லை என்று உறுதியானால் அது பெரும்பாலும் நல்ல செய்தி, ஆரோக்கியமான ஆட்களிடம் அதிகம் காணப்படுவது. ரிப்போர்ட்டில் ஏசி-3, ஏசி-8 என்று எண் போட்டிருந்தால் அது இந்தப் பேட்டர்ன்களுக்கு உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட வரிசை எண். ஏசி-3 சென்ட்ரோமியர். ஏசி-8 முதல் 10 வரை நியூக்ளியோலார்.

உட்கரு இருட்டாக இருந்து, அதைச் சுற்றியுள்ள பகுதி மட்டும் ஒளிர்வதும் உண்டு. சைட்டோபிளாஸ்மிக் பேட்டர்ன். இதைச் சில லேப்கள் ஏஎன்ஏ நெகட்டிவ் என்று மொட்டையாக எழுதி அனுப்பிவிடும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் நானே அப்படி ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறேன். உட்கருவில் ஒன்றும் இல்லை, விதிப்படி நெகட்டிவ், சரி என்று கையெழுத்துப் போட்டாயிற்று. தசை பலவீனமும் மூச்சுத் திணறலும் இருந்த ஆள் என்பது படிவத்தில் எழுதப்படவே இல்லை. மாதங்கள் கழித்து வேறு லேபில் ஜோ-1 ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று வந்து, அவருடைய டாக்டர் போனில் கூப்பிட்டுக் கேட்டபோது பழைய ஸ்லைடின் குறிப்பை எடுத்துப் பார்த்தால் "சைட்டோபிளாசம் ஒளிர்கிறது" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது, ரிப்போர்ட்டில்தான் இல்லை. ஜோ-1 சைட்டோபிளாசத்தில் இருக்கும் பொருளைப் பிடிக்கிற ஆன்டிபாடி, தசையையும் நுரையீரலையும் சேர்த்துத் தாக்குகிற ஒரு நோயின் அடையாளம். அன்றிலிருந்து அந்த வரியை எழுதாமல் ஒரு தாளும் என் மேஜையைத் தாண்டியதில்லை. நீங்களும் அறிகுறிகளைப் படிவத்தில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், இரண்டு வார்த்தை போதும்.

எந்த முறையில் செய்தார்கள் என்பதையும் பாருங்கள். ஐஎஃப்ஏ அல்லது இம்யூனோஃபுளோரசென்ஸ் என்று இருந்தால் ஸ்லைடு. வெறும் எண்ணும் "ரேஷியோ" அல்லது "இண்டெக்ஸ்" என்ற சொல்லும் இருந்தால் இயந்திரத்தில் செய்த வேறு முறை, அதில் பேட்டர்ன் கிடையாது, அந்த இயந்திரத்தில் போட்டிருக்கும் சில பொருட்களைத் தாண்டி எதையும் அது பார்க்காது. அறிகுறி இருக்கிறது, இயந்திரம் நெகட்டிவ் என்கிறது என்றால் ஸ்லைடு முறையில் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேட்பது நியாயம்.

ஸ்க்ளீரோடெர்மாவின் மூன்று பெரிய பெயர்கள்

ஸ்க்ளீரோடெர்மா உள்ளவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஏஎன்ஏ பாசிட்டிவ்தான். அடுத்த கட்டத்தில் தேட வேண்டியது மூன்று பெயர்: சென்ட்ரோமியர், எஸ்சிஎல்-70, ஆர்என்ஏ பாலிமரேஸ் 3. பொதுவாக ஒரு ஆளிடம் இவற்றில் ஒன்றுதான் இருக்கும். இரண்டு சேர்ந்து வந்தால், அதிலும் ஒன்று மங்கலாக வந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது பரிசோதனையைத்தான்.

சென்ட்ரோமியர் உள்ளவர்களுக்குத் தோல் இறுக்கம் பெரும்பாலும் விரல், கை, முகத்தோடு நிற்கும், நோய் மெதுவாக நகரும், விரலில் ரேனாட்ஸ் பல வருஷம் முன்னாலேயே ஆரம்பித்திருக்கும். நுரையீரல் தழும்பாவது இவர்களிடம் குறைவு. ஆனால் வருஷங்கள் போனபின் நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடலாம், அதனால்தான் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் டாக்டர் வருஷாவருஷம் எக்கோ எடுக்கச் சொல்கிறார்.

எஸ்சிஎல்-70 என்ற பெயர் ஒரு தவறின் நினைவுச்சின்னம். எழுபது கிலோடால்டன் எடையுள்ள புரதம் என்று கணக்குப் போட்டு அந்தப் பெயர் வைத்தார்கள், 1986ல்தான் அது டோபோஐசோமரேஸ் 1 என்ற சுமார் நூறு கிலோடால்டன் நொதியின் உடைந்த துண்டு என்று தெரிந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. சில ரிப்போர்ட்டில் டோபோ-1 என்று இருக்கும், இரண்டும் ஒன்றேதான், தனித்தனி நோய் என்று பயப்பட வேண்டாம். இது உள்ளவர்களுக்கு நுரையீரல் தழும்பாகும் வாய்ப்பு அதிகம், அதனால் ஆரம்பத்திலேயே ஸ்கேனும் மூச்சுப் பரிசோதனையும் எடுத்து வைத்துக்கொள்வார்கள், பின்னால் ஒப்பிட அதுதான் அடிப்படை. அதே சமயம், எஸ்சிஎல்-70 "லேசாகப் பாசிட்டிவ்" என்று வருகிற ரிப்போர்ட்டில் பொய்ப் பாசிட்டிவ் நிறைய. ரேனாட்ஸ் இல்லை, தோல் மாற்றம் இல்லை, ஸ்லைடில் ஏஎன்ஏவும் நெகட்டிவ், லைன் பிளாட்டில் மட்டும் ஒரு மங்கலான கோடு என்றால் வேறு முறையில் உறுதிப்படுத்தாமல் அதை நம்ப வேண்டாம்.

மூன்றாவது, ஆர்என்ஏ பாலிமரேஸ் 3. இதைத்தான் நான் அதிகம் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் சாதாரண ஈஎன்ஏ பட்டியலில் இது பெரும்பாலும் இருக்காது. தனியாகக் கேட்டு எழுதினால்தான் செய்வார்கள். ஸ்லைடில் மங்கலாகத் தெரியும், சில சமயம் தெரியவே தெரியாது. தோல் சில மாதங்களிலேயே வேகமாக இறுகிக்கொண்டு வருகிறது, சென்ட்ரோமியரும் எஸ்சிஎல்-70ம் நெகட்டிவ் என்றால், "பாலிமரேஸ் 3 பார்த்தாயிற்றா?" என்று டாக்டரிடம் கேட்கலாம். இது உள்ளவர்களுக்குச் சிறுநீரக நெருக்கடி வரும் ஆபத்து கூடுதல், அது திடீரென்று ஏறுகிற ரத்த அழுத்தமாகத்தான் பெரும்பாலும் முதலில் தலைகாட்டும். ஆகவே வீட்டிலேயே ஒரு ரத்த அழுத்தக் கருவி வைத்துக்கொண்டு எழுதி வருவது வீண்போகாது. வழக்கத்தைவிடத் திடீரென்று ஏறி, கூடவே தலைவலி, பார்வை மங்கல் என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அதிக அளவு ஸ்டீராய்டு இந்த ஆபத்தைக் கூட்டும், அதனால் வேறு காரணத்துக்கு வேறு டாக்டர் எழுதிக் கொடுத்தாலும் இந்த ஆன்டிபாடி பற்றிச் சொல்லாமல் சாப்பிடாதீர்கள். இவர்களில் சிலருக்கு நோய் ஆரம்பித்த காலத்தை ஒட்டியே புற்றுநோயும் கண்டுபிடிக்கப்படுகிறது, எனவே டாக்டர் சில ஸ்க்ரீனிங் எழுதினால் தட்டிக்கழிக்க வேண்டாம்.

இவை தவிர ஃபைப்ரில்லாரின், டிஎச்/டிஓ, பிஎம்-எஸ்சிஎல், கு என்று இன்னும் சில ஆன்டிபாடிகள் உண்டு. பிஎம்-எஸ்சிஎல் இருந்தால் தசை அழற்சியும் கூட வரலாம் என்று பார்ப்பார்கள். யு1-ஆர்என்பி நல்ல உயரத்தில் இருந்தால் பல நோய்களின் கலவையான எம்சிடிடி பக்கம் யோசிப்பார்கள்.

ஆன்டிபாடிக்கு எத்தனை மதிப்பெண்?

ஸ்க்ளீரோடெர்மாவை வகைப்படுத்த 2013ல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் சேர்ந்து ஒரு மதிப்பெண் முறை வைத்தன. ஒன்பது வந்தால் ஸ்க்ளீரோடெர்மா. இரண்டு கையிலும் விரல்கள் உள்ளங்கையோடு சேரும் கணுவைத் தாண்டித் தோல் இறுகியிருந்தால் அதற்கே ஒன்பது, ரத்தப் பரிசோதனையே தேவையில்லை. அந்த மூன்று ஆன்டிபாடிகளில் எது இருந்தாலும் கிடைப்பது வெறும் மூன்று. ரேனாட்ஸுக்கு மூன்று. இரண்டும் சேர்ந்தால் ஆறுதான். விரல் உப்பியிருந்தால் இரண்டு, நகக்கண்ணில் இருக்கும் நுண் ரத்தக்குழாய்கள் மாறியிருந்தால் இரண்டு, இப்படிச் சேர்த்துச் சேர்த்துத்தான் ஒன்பதைத் தொட வேண்டும். ஆராய்ச்சிக்காக வைத்த கணக்கு என்றாலும், ஒரு பாசிட்டிவ் தாளுக்கு எவ்வளவு எடை கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

ஆறில் நிற்கிறவர்கள் மறந்துவிட்டுப் போகலாமா என்றால், அதுவும் கூடாது. கனடாவில் நடத்தி 2008ல் வெளியிட்ட ஒரு நீண்டகால ஆய்வில், ரேனாட்ஸ் மட்டும் இருந்த 586 பேரை இருபது வருஷம் வரை பின்தொடர்ந்தார்கள். ஸ்க்ளீரோடெர்மாவுக்கே உரிய ஆன்டிபாடியும் நகக்கண் ரத்தக்குழாய் மாற்றமும் ஆரம்பத்திலேயே இருந்தவர்களில் சுமார் எண்பது சதவீதம் பேருக்குப் பின்னால் நோய் வந்தது. இரண்டுமே இல்லாதவர்களில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. எனவே ரேனாட்ஸும் பாசிட்டிவ் ஆன்டிபாடியும் இருந்தால் அடுத்துக் கேட்க வேண்டியது இன்னொரு ரத்த டெஸ்ட் இல்லை, நகக்கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கேப்பிலரோஸ்கோப்பி. வலியில்லாத சோதனை, விரலில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்துப் பார்ப்பார்கள், சில நிமிஷம்தான்.

பக்கத்து நோய்கள், சுருக்கமாக

லூபஸுக்கு ஏஎன்ஏ 1:80 என்பது நுழைவுச் சீட்டு மாதிரி. அதற்கே உரியவை டிஎஸ்-டிஎன்ஏ, எஸ்எம் ஆன்டிபாடிகள். இதில் டிஎஸ்-டிஎன்ஏ மட்டும் பலருக்கு நோயோடு சேர்ந்து ஏறி இறங்கும், அதனால் அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் பொருள் உண்டு. ரோ என்கிற எஸ்எஸ்ஏ, லா என்கிற எஸ்எஸ்பி இரண்டும் கண்ணும் வாயும் உலர்கிற ஷோக்ரன் நோயில் வருபவை. ரோ பாசிட்டிவ் உள்ள பெண்கள் கர்ப்பம் தரிக்கும் திட்டம் இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். குழந்தையின் இதயத்துடிப்பைப் பாதிக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றிரண்டுதான், ஆனாலும் கண்காணிப்பு வேண்டும். ரத்தக்கட்டி உண்டாவதோடு தொடர்புள்ள கார்டியோலிப்பின் வகை ஆன்டிபாடிகள் ஒருமுறை பாசிட்டிவ் வந்தால் போதாது, குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி பார்த்துத்தான் முடிவு.

மற்றபடி ஏஎன்ஏ ஒருமுறை தெளிவாகப் பாசிட்டிவ் வந்துவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக்கொண்டே இருப்பதில் காசுதான் கரையும். மருந்து வேலை செய்கிறதா என்று அந்த எண் சொல்லாது. நோய் நன்றாக அடங்கியவர்களுக்கும் 1:1280 அப்படியே நிற்கும். நெகட்டிவ் வந்தவர்களுக்குப் புதிதாக ஏதாவது அறிகுறி தலைகாட்டினால் மட்டும் மறுபடி எடுக்கலாம்.

டாக்டரிடம் போகும்போது போனில் வந்த சுருக்கச் செய்தியைக் காட்டாமல் முழு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள், முறை, டைட்டர், பேட்டர்ன் மூன்றும் அதில்தான் இருக்கும். கூடவே விரல் வெளுக்கும்போது ஒரு போட்டோ, நீலமாகும்போது ஒன்று, சிவக்கும்போது ஒன்று எடுத்து வையுங்கள், கன்சல்டிங் அறையில் உட்கார்ந்திருக்கும்போது விரல் எப்போதும் சமர்த்தாகத்தான் இருக்கும்.